விடைபெறுவோரும் விசாரணையும்

உத்தியோகத்தில் ஒருவர் புகும் நாளுக்கு நம் நாட்டிற் சடங்குகள் பல உண்டு. நல்ல வேளை பார்க்கிறோம். பெரியோர் காலில் விழுந்து ஆசி பெறுகிறோம். முதல் மாதச் சம்பளத்தைத் தாயின் கையிற் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உத்தியோகத்தை விட்டு வெளியேறும் நாளுக்கும் சடங்கு இல்லாமற் போகவில்லை. மாலையும், சால்வையும், எல்லாரும் நின்று எடுத்துக்கொள்ளும் புகைப்படமும், போண்டாவும் தேநீரும், விடைபெறுவோரிடத்தில் உள்ள குணங்களோடு இல்லாத குணங்களையும் சேர்த்துப் புகழும் நான்கைந்து சொற்பொழிவுகளும் அந்நாளுக்கு உரியன. ஆனால், ஒருவர் மீது குற்ற விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் வெளியேறும் நாளும் வந்துவிடுமாயின், அன்று அவரை எவ்வாறு நடத்துவது என்பதற்கு நம்மிடத்தில் சடங்கும் இல்லை; பெரும்பாலும் ஒரு நெறியும் இல்லை. அந்த நாளைக் குறித்தே ஈண்டுச் சில சொல்ல விரும்புகின்றோம்.

கல்லூரிப் பத்திரிகைக்கு இஃது உலர்ந்த பொருளாயிற்றே என்று மாணவ நண்பர்கள் முகஞ் சுளிக்க வேண்டா. இக்கல்லூரியை விட்டுச் சென்றபின் ஓர் அரசாங்கத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தோம். அக்காலத்தில் விசாரணை அலுவலராகப் பன்முறையும், குற்றஞ் சாட்டப்பட்டவருக்குத் துணைவராகச் சிலமுறையும் மேசையின் இருபுறத்தும் அமர்ந்து பார்த்திருக்கிறோம். இன்று நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து இதனைப் புரட்டும் இளைஞர், இன்னும் சில ஆண்டுகளில் ஓர் அலுவலகத்திலோ, ஆலையிலோ, வங்கியிலோ, கணினி நிறுவனத்திலோ இடம் பெறுவார். அவருட் சிலருக்குப் பிறருடைய நன்மை தீமைகளை விசாரித்து எழுதும் நாற்காலியும் ஒருநாள் வந்து சேரும். அந்நாற்காலி வந்தபின் இதனைக் கற்றுக்கொள்ள அவகாசம் இராது.

விசாரியாமலே ஆராயாமலே பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான் என்பது சிலப்பதிகாரக் கதை. நம் காலத்து அலுவலகங்களின் குறை அதற்கு நேர்மாறானது. அவை விசாரித்துக்கொண்டே இருக்கின்றன. பணியில் இருப்பவனுக்கு விசாரணை நீளுமாயின் அது தொல்லை. எனினும் அவனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு, உட்கார ஓர் இடம் உண்டு, நாளைக்கு நிலைமை மாறலாம் என்ற எண்ணமும் உண்டு. வெளியேறுகிறவனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுக்குத் தீர்ப்புக்கு முன்னரே, தாமதமே தண்டனையாய் வந்து நின்றுவிடுகிறது. எழுதப்படாத தண்டனையாதலால் அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விரித்துக் கூறினாலன்றி, அலுவலகத்திற்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்காது. தமிழ்நாட்டு அரசு அலுவலர் ஒருவர் ஓய்வு பெறுமுன் அவருடைய ஓய்வூதியப் பத்திரங்கள் மேலே செல்ல வேண்டும். அப்பொழுது, இவர் மீது நடவடிக்கை ஏதேனும் நிலுவையில் உண்டா, தணிக்கையில் தடை உண்டா என்ற கேள்விகள் பல மேசைகளுக்குச் செல்கின்றன. அலமாரியின் அடித்தட்டில் ஆண்டுக்கணக்கில் உறங்கிய கோப்புகள் இக்கேள்வியால் விழித்துக்கொள்கின்றன. அடிப்படை விதிகளில் 56ஆவது விதியின் ஓர் உட்பிரிவு, கடுமையான குற்றச்சாட்டின் மேல் விசாரணை நிலுவையில் உள்ளவரை ஓய்வுபெற விடாமல் பணியிலே நிறுத்திவைக்க இடங்கொடுக்கிறது. மற்றொரு பக்கம், 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 9ஆவது விதி ஒன்று உண்டு. பணியில் இருக்கும்போது தொடங்காத துறை நடவடிக்கையை, ஓய்வுக்குப் பின் தொடங்குவதானால், நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய நிகழ்ச்சியைப் பற்றித் தொடங்கலாகாது என்பது அதன் ஒரு கூறு. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்திய பழைய கணக்கு ஒன்று கையில் இருந்தால், அதைப் பற்றிய குறிப்பாணையைக் கடைசி நாள் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மறுநாட் காலையிற் கொடுத்தாற் செல்லாது. எனவே ஏழாண்டு தூங்கியவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் மிகுந்த சுறுசுறுப்பு அடைகிறார்கள். 'பதினேழு-பி மெமோ' என்று அலுவலகத்தார் அஞ்சும் அந்தக் காகிதமும், பணியிடை நீக்க ஆணையும் சேர்ந்து ஓய்வு நாளன்று கையில் விழுவது தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழக்கமாகவே இருந்தது. 2021ஆம் ஆண்டில் இவ்வழக்கம் தவிர்க்கப்படும் என்று முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியதாயிற்று என்றால், அஃது எத்துணைப் பரவியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வறிவிப்புக்கு முந்திய காலத்தில், நாம் நன்கு அறிந்த ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுவோம். ஊர்ப் பெயரும் அலுவலகப் பெயரும் வேண்டா. அவர் ஒரு பண்டகசாலையின் ஸ்டோர் கீப்பர். அரசு அலுவலர்க்கு ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு என்ற விதி அப்பொழுது இருந்தது. மாதத்தின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வழியனுப்பு விழா என்று நம்மையும் அழைத்திருந்தனர். கூடத்தில் நாற்காலிகள் போட்டாயிற்று. கேசரி வந்து ஆறியும் போயிற்று. அவருடைய மனைவியும் மகளும் தமையனாரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். மேலதிகாரி மட்டும் வரவில்லை. நான்கரை மணியளவில் இளநிலை உதவியாளர் ஒருவர் வந்து, 'சார், உங்களை உள்ளே கூப்பிடுகிறார்கள்' என்று மெல்லச் சொல்லி அழைத்துச் சென்றார். கால் மணி நேரங் கழித்துத் திரும்பியவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலின்போது அறுபத்திரண்டு தார்ப்பாய்கள் கணக்கிற் குறைந்தமைக்கு விளக்கங் கேட்பது ஒன்று. அதன் பொருட்டு அவர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார், ஓய்வுபெற அனுமதிக்கப்படவில்லை என்பது மற்றொன்று. அவர் மனைவியிடம் சென்று, 'ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறதாம். வீட்டுக்குப் போகலாம் வா' என்றார். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து, வேலை நினைவு வந்தவர்களைப் போலத் தத்தம் இடத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களை நாம் குறைகூறவில்லை. அத்தகைய வேளையில் என்ன பேசுவது என்பதை எந்தப் பள்ளியிலும் ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்தத் தார்ப்பாய்க் குறை அன்றைக்குத்தான் வெளிப்பட்டதோ என்றால், இல்லை. புயலுக்கு மறு ஆண்டே தணிக்கையாளர் எழுதிவிட்டார். ஸ்டோர் கீப்பரும் அதற்கு அக்காலத்திலேயே பதில் எழுதிக் கொடுத்தார்: புயல் வீசிய இரவில், மேலே இருந்து தொலைபேசியில் வந்த உத்தரவின்படி மூன்று கிராமங்களுக்கு வண்டியில் ஏற்றியனுப்பியதாகவும், பெற்றுக்கொண்டோர் பட்டியல் கிராம அலுவலர் வழியாகத் தாலுகா அலுவலகத்திற்குச் சென்றதாகவும். அப்பதிலைக் கோப்பிற் சேர்த்துக் கட்டி வைத்தார்கள். அதன் பின் ஏழு ஆண்டு. அந்த ஏழாண்டில் ஒருநாள், ஒரே ஒரு நாள், யாரேனும் தாலுகா அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் இவ்வளவும் வேண்டியிராது.

விசாரணை இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் நடந்தது. முதல் விசாரணை அலுவலர் மாற்றலாகிச் சென்றார், இரண்டாமவர் தேர்தல் வேலையிலும் பின்னர் நீண்ட விடுப்பிலும் இருந்தார், மூன்றாமவரே முடித்தார். நாம் அவருக்குத் துணைவராக அமர இசைந்தோம். விநியோகப் பதிவேட்டைப் பார்வையிட வேண்டும் என்று நான்கு கடிதங்கள் எழுதினோம். 'கோப்பு தேடப்பட்டு வருகிறது' என்ற பதில் நான்கு முறையும் ஒரே எழுத்துக்களில் வந்தது. தேதி மட்டும் மாறியிருந்தது. பணிக்கொடை கிடைத்தவுடன் அடைப்பதாகச் சொல்லி வாங்கிய வீட்டுக் கடன் வட்டியோடு வளர்ந்தது. மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம், பிள்ளை வீட்டார் வேறு காரணஞ் சொல்லி விலகிப் போனதால் நின்றது. அவர் அலுவலகத்திற்கு வந்தால் பழைய தோழர்கள் அன்பாகத்தான் பேசுவார்கள். ஆனால் கதவருகே நின்று பேசுவார்கள். ஒருநாள் விசாரணை மறுபடி ஒத்திவைக்கப்பட்டு வெளியே வந்தபோது, பேருந்து நிலையத்தில் அவர் நம்மிடம் கூறியது இது: 'ஐயா, நான் திருடினேன் என்று எழுதினாலும் எழுதட்டும், எதையாவது எழுதி முடிக்கச் சொல்லுங்கள்.' குற்றமற்ற ஒருவர் வாயில் இச்சொல் வரும்படி செய்யும் விசாரணை, உண்மையைக் கண்டறிவதற்கு நடத்தப்படுவது என்று எவ்வாறு சொல்வது?

மூன்றாவது அலுவலர் சுறுசுறுப்பானவர். தாம் ஒரு நாள் தாலுகா அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமுக்குச் சென்று, பட்டியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கையொப்பமும் கைநாட்டுமாக ஐம்பத்தேழு பேர் பெற்றுக்கொண்டிருந்தனர். எஞ்சிய ஐந்து தார்ப்பாய்களைப் பற்றி, அப்புயல் இரவில் அவற்றை ஒருவர் தலையில் வைப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்ற ஆணை வந்தது. பழைய தேதியிலிருந்தே அவர் ஓய்வு பெற்றதாகக் கொள்ளப்பட்டது. நிலுவைத் தொகையும் வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் எந்தத் தலைப்பிற் செலவு எழுதப்பட்டன என்பது நமக்குத் தெரியாது.

அவர் குற்றமற்றவர் என்று முடிந்ததனால் இக்கதையை எடுத்துக்கொண்டோம் என்று நேயர்கள் எண்ண வேண்டா. அறுபத்திரண்டு தார்ப்பாய்களையும் அவர் விற்றுத் தின்றவராகவே இருந்தாலும் நாம் சொல்வது இதுவே. திருடனுக்கும் தன் திருட்டு எது, தண்டனை எது, அஃது என்று முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. பேருந்து நிலையத்தில் அவர் கேட்டது மன்னிப்பு அன்று; ஒரு தேதி.

நிற்க. எதிர்ப்பக்கத்தார் சொல்லும் நியாயமும் சிறியதன்று. பொதுப்பணத்தைக் கையாடியவன் ஓய்வு நாளைக் கணக்கிட்டே கையாடுகிறான். விசாரணை வரும் வாடை அடித்தவுடன் ராஜிநாமாவை நீட்டுகிறான். விட்டுவிட்டால் பணமும் போயிற்று, பிறருக்குத் துணிவும் வந்தது என்பார்கள். உண்மைதான், அத்தகையோரையும் நாம் மேசைக்கு எதிரே கண்டிருக்கிறோம். மனப்பாரத்தோடு நடிக்கும் அவர்கள் திறமை நாடக மேடையிலும் அரிது. ஆயினும், அவனைப் பிடிப்பதற்கு மற்றவரையும் வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதில்லை. நடுவண் அரசின் விதிகளைப் பாருங்கள். அங்கே விசாரணை நிலுவையில் இருந்தாலும் அலுவலர் தம் நாளில் ஓய்வு பெற்றுவிடுகிறார். விசாரணை அவரைத் தொடர்ந்து செல்கிறது. முடியும்வரை பணிக்கொடை நிறுத்திவைக்கப்படுகிறது. ஆனால் அரிசி வாங்க இடைக்கால ஓய்வூதியம் என ஒன்று வருகிறது. குற்றம் மெய்யானால் ஓய்வூதியத்திலேயே குறைக்கலாம். இவ்வாறு செய்வதால் ஒரு திருடனும் தப்பிவிடுவதில்லை. வேலையும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல் ஒருவரைத் திரிசங்குவைப் போல இடைவெளியில் தொங்கவிடும் நிலை மட்டும் தவிர்கிறது.

ஓய்வூதியம் ஆண்டவன் இடும் பிச்சை அன்று, உழைத்தவனுடைய சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. விதியில் இடமிருந்தாலன்றி நிருவாக உத்தரவு ஒன்றால் அதனைப் பிடித்துவைக்க முடியாது என்று 2013இல் மறுபடியும் கூறிற்று. அதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது 2005ஆம் ஆண்டின் தீர்ப்பு ஒன்று. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்திற் பொறியாளராக இருந்த ஒருவருக்கு, 1990ஆம் ஆண்டில் ஒரு கிரயப் பத்திரம் வழங்கியது தொடர்பாக 2000ஆம் ஆண்டிற் குற்றச்சாட்டு வழங்கப்பட்டது. பத்தாண்டுத் தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் ஒன்றும் காட்டப்படவில்லை. உச்ச நீதிமன்றம் அக்குற்றச்சாட்டை அறவே நீக்கி, ஓய்வுப் பயன்களை மூன்று மாதத்திற்குள் கொடுக்கச் சொல்லிற்று. நீண்டு செல்லும் விசாரணையால் ஒருவர் படும் மனவேதனை, குற்றம் மெய்ப்பட்டால் அவர் அடையக்கூடிய தண்டனையையும் விஞ்சிவிடும் என்பது அதன் கருத்து. பேருந்து நிலையத்தில் நின்று நம் ஸ்டோர் கீப்பர் சொன்னதையே நீதிபதிகளும் சொன்னார்கள் என்க. அவர்களுக்குச் சட்டத்தின் மொழி தெரிந்திருந்தது, அவ்வளவே வேற்றுமை.

இனிப் பணத்தைப் பற்றி. விசாரணைக் காலத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் கையிற் காசு இல்லாமற் செய்துவிட்டால், அவர் விசாரணைக்கு எதைக்கொண்டு வருவார்? இஃது ஏட்டுக் கேள்வியன்று. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாய்ச் சுரங்கத்தில் இறங்கிய கோலார் தங்கவயலில் இது நடந்திருக்கிறது. அச்சுரங்க நிறுவனத்திற் பாதுகாப்பு அலுவலராய் இருந்த ஒருவர் வீட்டை 1985 ஜூன் மாதம் போலீசார் சோதித்து, ஒரு சிறு தங்க உருண்டையும் பொன் கலந்த மணலும் கண்டெடுத்ததாகச் சொன்னார்கள். மறுநாளே அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு ஒருபுறம், அதே செய்திகளின் மேல் அதே சாட்சிகளைக் கொண்டு நிறுவனத்தின் விசாரணை மறுபுறம். பிழைப்பூதியம் கொடுக்கப்படவில்லை. பயணச் செலவுக்கும் வழியின்றி அவர் வரவில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடத்தி, 1986 ஜூன் மாதம் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எட்டு மாதங் கழித்துக் குற்றவியல் நீதிமன்றம், அந்தச் சோதனையும் பொருள் எடுக்கப்பட்டதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. நிறுவனம் அதன் பின்னும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1999 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றம், பிழைப்பூதியம் கொடாமல் வறுமையில் தள்ளி நடத்திய அவ்விசாரணை செல்லாது என்று கூறி, எல்லா நிலுவைச் சம்பளத்தோடும் அவரைத் திரும்பச் சேர்க்கப் பணித்தது. சோதனை நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையே பதினான்கு ஆண்டு சென்றிருந்தது. அவர் மீண்டும் சென்று காக்க வேண்டிய சுரங்கமோ 2001ஆம் ஆண்டு தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது.

இதில் நம் மாநிலத்துக்குச் சற்றுப் பெருமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தொழிற்கூடங்களிற் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர்க்கு முதல் 90 நாள் பாதி ஊதியம், அடுத்த 90 நாள் முக்கால் ஊதியம், 180 நாளுக்கு மேற்பட்டால் முழு ஊதியம் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1981ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றிற்று. தாமதப்படுத்தத் தாமதப்படுத்த முதலாளியின் பை இளைக்கும்படி அமைத்தார்களே, அந்த யுக்தி மெச்சத்தக்கது. நல்லுபதேசம் நூறு செய்வதினும் இத்தகைய கணக்கு ஒன்று விசாரணையை விரைவுபடுத்தும். நாட்டுச் சட்டமாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், பாதியும் முக்காலும் என்பதோடு நின்றுவிட்டாலும், பணியிடை நீக்க நாளிலிருந்து இயல்பாக 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. 'இயல்பாக' என்ற அந்த ஒரு சொல்லின் உள்ளே எத்தனை கோப்புகள் உறங்கப் போகின்றனவோ, பார்க்க வேண்டும்.

தனியார் நிறுவனங்களில் இவ்விஷயம் வேறு உடை உடுத்து வருகிறது. அங்கே விசாரணை நீள்வதில்லை. பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. ஒரு சிறிய அறைக்கு ஒருவரை அழைக்கிறார்கள். எதிரே இருவரோ மூவரோ இருப்பர். 'தம்பி, விசாரணை என்று போனால் உனக்குத்தான் கெடுதல். ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிடு, நல்லபடி அனுப்பிவிடுகிறோம்' என்று இதமாகவே பேசுவார்கள். தாளும் பேனாவும் முன்னரே மேசைமேல் இருக்கும். அவன் குற்றஞ் செய்தவனாயின் இது நிறுவனத்தின் பணத்தை விட்டுக்கொடுப்பதாகும். செய்யாதவனாயின் அவனுடைய மானத்தை விலைக்கு வாங்குவதாகும். இரண்டில் எது என்பதை அறியாமலே இரண்டையும் ஒரே தாளில் முடித்துவிடுகிறார்கள். நம் நண்பர் ஒருவருடைய மகனுக்கு இது நேர்ந்தது. அந்த இளைஞன் 'ஓர் இரவு அவகாசம் கொடுங்கள், அப்பாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்' என்று கேட்டானாம், மறுத்துவிட்டார்களாம். ஓர் இரவு தாங்காத ராஜிநாமாவை விருப்ப ராஜிநாமா என்று எங்ஙனம் அழைப்பது?

அவ்வாறு வெளியேறியவனைப் பின்தொடர்ந்து செல்வன இரண்டு. ஒன்று பணப் பாக்கி. ராஜிநாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் கூறுகிறது. விசாரணை நடக்கிறது என்ற சாக்கால், அவன் ஏற்கெனவே உழைத்து முடித்த நாட்களின் கூலியைப் பணயமாக வைத்துக்கொள்வது முறையன்று. மற்றொன்று சொல். அடுத்த நிறுவனத்தார் ரிலீவிங் லெட்டர் எங்கே என்று கேட்கிறார்கள்; பழைய இடத்திற்குத் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். 'அவரா?' என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் மௌனமாய் இருந்தாற் போதும். நூறு குற்றப்பத்திரிகைகள் செய்யாததை அம்மௌனம் செய்துவிடும். மெய்ப்பிக்கப்பட்டதைச் சொல்லட்டும், நிலுவையில் இருந்தால் நிலுவையில் இருக்கிறது என்றே சொல்லட்டும், அவனுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு எழுத்திலே சொல்லட்டும். அவன் அறியாமல் அவனைப் பற்றிப் பேசும் பேச்சுக்கு அவன் எங்கே போய்ப் பதில் சொல்வான்?

நம் வழக்கம் ஒன்றைச் சொல்லி நிறுத்துவோம். விசாரணைக் கோப்பு ஒன்று நம் மேசைக்கு வந்தால், குற்றச்சாட்டைப் படிக்குமுன் பணிப்பதிவேட்டின் முதற் பக்கத்தைத் திருப்பிப் பிறந்த தேதியைப் பார்ப்போம். அதிலிருந்து ஓய்வு நாளைக் கணக்கிட்டுக் கோப்பின் மேலட்டையில் பென்சிலால் எழுதிவைப்போம். உடன் பணிபுரிந்தோர் இதனைக் கண்டு, ஜாதகம் கணிக்கிறார் என்று நகைப்பதுண்டு. நாம் ஓய்வு பெறுமுன் கடைசியாக வந்த கோப்பின் அட்டையில் ஐந்து மாதம் என்று விழுந்தது. ஒரு காசாளர், ரசீதுகளில் திருத்தல். வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு, அவர் கேட்ட ஆவணங்களை எல்லாம் முதல் வாரத்திலேயே அவர் முன் பரப்பி, பதினோரு வாரத்தில் அறிக்கையை எழுதிவிட்டோம். குற்றம் மெய்யாயிற்று. இழந்த தொகை அவரிடத்திற் பிடிக்கப்பட்டது, ஊதியமும் குறைக்கப்பட்டது, அதனால் ஓய்வூதியமும் சிறிது குறைந்தது. அவருக்கு விழா நடக்கவில்லை. அவரும் அதை விரும்பவில்லை. கடைசி நாள் மாலை ஐந்தே முக்காலுக்குச் சாவிக்கொத்தை ஒப்படைத்துப் பெற்றுக்கொண்ட சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நம் அறைக் கதவருகே நின்று, 'வருகிறேன் சார்' என்று சொல்லிவிட்டுப் போனார். மறுமாதம் அவருடைய ஓய்வூதியம், குறைக்கப்பட்ட அளவிலேயே, உரிய நாளில் வந்து சேர்ந்தது.